சொந்த உந்து அறிவிப்பு வழங்கி

சொந்த உந்து அறிவிப்பு வழங்கி என்பது, நகர்பேசிக்கோ கணினிக்கோ அறிவிப்புகளை அனுப்பும் பணியைப் பெருநிறுவனங்களின் சேவையிடம் ஒப்படைக்காமல், பயனர் தமது கட்டுப்பாட்டில் உள்ள கணினியில் தாமே நிறுவி நடத்தும் வழங்கி ஆகும். காப்புப்படி எடுத்து முடிந்தது, வன்தட்டு நிரம்புகின்றது, வாயிற்கதவு திறந்தது போன்ற செய்திகளை உடனுக்குடன் பெற இது பயன்படுகின்றது. நோட்டிஃபை, கோட்டிஃபை ஆகியன இவ்வகையில் நன்கு அறியப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள் ஆகும்.

பின்னணி

புதிய செய்தி உள்ளதா எனச் செயலி குறித்த இடைவெளியில் வழங்கியைக் கேட்டுக்கொண்டிருப்பது இழுத்தல் முறை. செய்தி வந்தவுடன் வழங்கியே கருவிக்குத் தெரிவிப்பது உந்து முறை. இதற்குக் கருவிக்கும் வழங்கிக்கும் இடையே எப்போதும் ஓர் இணைப்பு திறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு செயலியும் தனித்தனியே இணைப்பை வைத்திருந்தால் மின்கலம் விரைவில் தீரும். ஆகவே இயங்குதளமே ஒரேயோர் இணைப்பைப் பேணி, அதன் வழியே எல்லாச் செயலிகளின் அறிவிப்புகளையும் பெறும் ஏற்பாடு உருவானது. இத்தகைய சேவையை ஆப்பிள் 2009 இலும் கூகுள் 2010 இலும் தொடங்கின.

இவ்வேற்பாட்டில் பெரும்பாலான நகர்பேசி அறிவிப்புகள் இவ்விரு நிறுவனங்களின் வழங்கிகளைக் கடந்தே செல்கின்றன. உள்ளடக்கம் மறையாக்கப்பட்டிருந்தாலும், எந்தச் செயலியின் அறிவிப்பு எந்தக் கருவிக்கு எப்போது சென்றது என்பது அங்கே தெரியும். இவ்விவரங்களை வெளிநாட்டு அரசுகள் அந்நிறுவனங்களிடம் கோருவதாக, அமெரிக்க மேலவை உறுப்பினர் ரான் வைடன் 2023 திசம்பரில் அந்நாட்டு நீதித்துறைக்கு எழுதிய மடலில் தெரிவித்தார்.

செயற்படும் முறை

நோட்டிஃபை பிலிப் ஹெக்கல் என்பவரால் 2021 இல் தொடங்கப்பட்டது; கோ நிரல்மொழியில் எழுதப்பட்டது. செய்திகள் 'தலைப்பு' என்னும் பெயர்களின் கீழ் அனுப்பப்படுகின்றன. தலைப்பின் இணைய முகவரிக்கு ஒரு சாதாரண எச்.டி.டி.பி. வேண்டுகோளில் உரையை அனுப்பினால், அத்தலைப்பில் இணைந்துள்ள கருவிகள் அனைத்துக்கும் அது சென்றடையும். எனவே ஒரு வரிக் கட்டளையே போதுமானது. செய்திகளுக்கு 1 முதல் 5 வரை முன்னுரிமை தரலாம். இணைப்பு அறுந்திருந்தபோது வந்த செய்திகளைப் பின்னர் பெறுவதற்காக, இயல்பிருப்பாக 12 மணி நேரம் வழங்கி அவற்றைத் தேக்கி வைக்கும்.

கோட்டிஃபையும் கோ மொழியில் எழுதப்பட்டதே. இதில் செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி இரகசியக் குறியீடு வழங்கப்படும். கருவிகள் வெப்சாக்கெட் இணைப்பின் வழியே செய்தியைப் பெறும்.

நிறுவுதல்

நோட்டிஃபை வழங்கியை நிறுவும் படிகள் பின்வருமாறு:

1. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியோ வாடகை மெய்நிகர் வழங்கியோ போதுமானது. வெளியிலிருந்து அணுகக்கூடிய ஆள்களப் பெயர் ஒன்றை அதற்கு அமைக்க வேண்டும்.

2. மென்பொருளை டெபியன் பொதியாகவோ டாக்கர் கொள்கலனாகவோ நிறுவி, அமைப்புக் கோப்பில் வழங்கியின் முழு முகவரியைக் குறிப்பிட வேண்டும். தேக்ககத்துக்கு ஒரு கோப்பை ஒதுக்காவிட்டால், மறுதொடக்கத்தின்போது காத்திருக்கும் செய்திகள் அழியும்.

3. என்ஜின்எக்ஸ் அல்லது கேடி போன்ற மென்பொருளை முன்னால் நிறுத்தி, லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் இலவசச் சான்றிதழால் இணைப்பை மறையாக்க வேண்டும். இவ்வாறு இடையில் ஒரு மென்பொருள் இருப்பதை அமைப்புக் கோப்பில் தெரிவிக்காவிட்டால், எல்லாப் பயனரும் ஒரே முகவரியிலிருந்து வருவதாக வழங்கி கருதி, அளவு மீறியதென வேண்டுகோள்களை மறுக்கக்கூடும்.

4. இயல்பிருப்பாக, தலைப்பின் பெயரை அறிந்த எவரும் அதைப் படிக்கவும் எழுதவும் முடியும். ஆகவே பொது அணுக்கத்தை மூடி, பயனர் கணக்குகளை உருவாக்க வேண்டும். கோட்டிஃபையை நிறுவுவோர் முதல் வேலையாக அதன் தொடக்கக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

5. நகர்பேசிச் செயலியில் சொந்த வழங்கியின் முகவரியை இட வேண்டும். ஆண்ட்ராய்டில் மின்கலச் சேமிப்புக் கட்டுப்பாட்டிலிருந்து அச்செயலிக்கு விலக்கு அளிக்காவிட்டால், திரை அணைந்திருக்கும்போது அறிவிப்புகள் தாமதமாகலாம்.

ஐபோன்

ஆண்ட்ராய்டில் செயலி சொந்த வழங்கியுடன் நேரடி இணைப்பைப் பேண முடியும். ஐபோனில் பின்னணியில் இயங்கும் செயலிக்கு இவ்வுரிமை இல்லை. ஆகவே சொந்த வழங்கி, செய்தியை அன்றி, செய்தி எண்ணையும் தலைப்பு முகவரியின் சுருக்கக் குறியையும் மட்டும் நோட்டிஃபையின் பொது வழங்கிக்கு அனுப்புகின்றது. அது ஆப்பிள் சேவையின் வழியே நகர்பேசியை எழுப்ப, நகர்பேசி சொந்த வழங்கியிடம் நேராகச் சென்று செய்தியைப் பெறுகின்றது. உள்ளடக்கம் வெளியே செல்வதில்லை எனினும், அறிவிப்பு வந்த நேரம் வெளியார்க்குத் தெரிகின்றது.

வரம்புகள்

சொந்த வழங்கி நம்பிக்கைக்குரிய தரப்பை மாற்றுகின்றதே அன்றி, நம்ப வேண்டிய தேவையை நீக்குவதில்லை. சான்றிதழ் புதுப்பித்தல், பாதுகாப்பு இற்றைகள், மின்தடை ஆகிய அனைத்தும் நடத்துபவரின் பொறுப்பாகின்றன. மேலும், கண்காணிக்கப்படும் கணினியிலேயே அறிவிப்பு வழங்கியையும் நிறுவினால், அக்கணினி செயலிழக்கும்போது அதைத் தெரிவிக்க எதுவும் இராது. அறிவிப்பு வராததைப் பயனர் பழுதின்மை எனக் கருதிவிடுவார். ஆகவே வழங்கியை வேறு கணினியில் வைப்பதும், நாள்தோறும் ஒரு சோதனைச் செய்தி வருமாறு அமைப்பதும் பரிந்துரைக்கத்தக்கவை. அச்செய்தி வராத நாளில் வழங்கியைச் சோதிக்க வேண்டும்.