ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளைகள்

போன மழைக்காலத்தில், புனேயில் ஆபீஸ் போகும் வழியில் என் 2014 மாடல் கார் குலுங்க ஆரம்பித்தது. கூடவே மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு. பக்கத்து ஒர்க்ஷாப்பில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் போச்சு சாஹேப், நாற்பதாயிரம் ஆகும்" என்றார்கள். நமக்குப் பிழைப்பே கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் பேச்சு வரவில்லை!

கூட வேலை செய்யும் மதுரைக்காரர் ஒருவர், "அவசரப்படாதீங்க சார், வண்டியையே கேட்டுருவோம்" என்று உள்ளங்கை அளவு ஸ்கேனர் ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் செருகினார். திரையில் வந்தது: பி0301. முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தமாம்.

நிற்க. இந்த சாக்கெட் அங்கே எப்படி வந்தது? கார் கம்பெனிகள் நம்மேல் இரக்கப்பட்டு வைத்ததல்ல. வைக்க வைத்தது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகை.

1940களில் அந்த ஊரில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம். வாகனப் புகையில் உள்ள ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயில் பட்டு ஓசோனாகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டியவர் கால்டெக்கின் ஹாகன்-ஸ்மித். பிறகு கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

புகையைக் குறைக்க கார்களுக்குள் சென்சார்களும் கம்ப்யூட்டரும் வந்தன. ஆனால் நாலு வருஷம் கழித்து ஒரு சென்சார் செத்துப்போனால் யாருக்குத் தெரியும்? வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், புகை மட்டும் கூடும். அதனால் 1988 மாடல் முதல், கார் தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து விளக்கெரிய வேண்டும் என்றது கலிஃபோர்னியா. இதுதான் ஓபிடி-1.

அதிலும் ஒரு சிக்கல். கம்பெனிக்கொரு சாக்கெட், கம்பெனிக்கொரு குறியீடு. அதைத் தீர்த்தது ஓபிடி-2. 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுக்க ஒரே 16 பின் சாக்கெட், புகை சம்பந்தப்பட்ட கோளாறுகளுக்குப் பொதுக் குறியீடுகள். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 கார்களுக்கு முதல் கட்டம் 2010 ஏப்ரலில், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில். இந்த விதிகளுக்காக வண்டிகளைச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. இருப்பது எங்கள் கோத்ருட் பக்கத்துக் குன்றின் மேல்தான். தினமும் அந்த வழியாகப் போயும் எனக்கு இது தெரியாது.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இது உதவும். பெரும்பாலான வண்டிகளில் 17 எழுத்து சேஸிஸ் நம்பரை ஸ்கேனரில் படித்து ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடலாம். விற்பவர் முந்தின நாள் கோளாறுக் குறியீட்டை அழித்திருந்தால், கார் தனக்குத்தானே செய்யும் சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டும். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படித்தான் காட்டும். எப்படியோ, கேள்வி கேட்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

சரி, என் கார்? குறியீடு நோயைச் சொல்லாது, அறிகுறியைத்தான் சொல்லும். நண்பர் முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டு, ஓட்டிப் பார்த்து, மறுபடி படித்தார். பி0303! காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது. புதுக் காயில் போட்டதும் குலுக்கல் நின்றது. நாற்பதாயிரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

எங்கோ ஒரு ஊர் மக்கள் நல்ல காற்றுக்காகப் போட்ட சண்டை, எழுபது வருஷம் கழித்து புனேயில் என் பர்ஸைக் காப்பாற்றியது. உங்கள் வண்டியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள், அங்கேதான் இருக்கும்.