வரைபடக் கோப்பு இறக்குமதி (கட்டமைப்புப் பகுப்பாய்வு)

வரைபடக் கோப்பு இறக்குமதி என்பது ஆட்டோகேட் போன்ற மென்பொருளில் வரைந்த படத்தை, ஸ்டாட் புரோ போன்ற கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளுக்குள் கொண்டுவரும் முறையாகும். இதற்குப் பெரிதும் பயன்படுவது, ஆட்டோடெசுக் நிறுவனம் 1982 இல் அறிமுகப்படுத்திய டிஎக்ஸ்எஃப் கோப்பு வடிவம் ஆகும்.

செயல்முறை

படத்திலுள்ள ஒவ்வொரு கோடும் ஓர் உறுப்பாகவும், அதன் முனைகள் கணுக்களாகவும் மாறும். முனைகள் பொருந்தாவிடில் உறுப்புகள் இணையா. நீள அலகும் செங்குத்து அச்சும் இரு மென்பொருள்களிலும் ஒத்திருத்தல் வேண்டும்.

வரம்புகள்

கோடுகள் வடிவத்தை மட்டுமே தரும். குறுக்குவெட்டு, பொருள், சுமை, தாங்கி ஆகியவற்றைப் பொறியாளரே குறிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, திருச்சிராப்பள்ளியில் திருவரங்கத் தீவை வடகரையுடன் இணைத்த கொள்ளிடம் இரும்புப் பாலம் 1928 இல் கட்டப்பட்டது. 2018 ஆகத்து வெள்ளத்தில் அதன் தூண்கள் சில சரிந்து, ஒரு பகுதி இடிந்தது. இத்தகைய பாலத்தின் சட்டகப் படத்தை மட்டும் இறக்குமதி செய்தால், தூணடி மண்ணின் நிலை அதில் இராது. தாங்கியை அசையாதது எனக் குறித்துவிட்டால், கணக்கும் அவ்வாறே அமையும்.