ஸ்பெயின் பேசும் மொழிகள்

ஸ்பெயினுக்குச் செல்வோர் அங்கே ஒரே மொழிதான் வழங்குகிறது என்றெண்ணிச் செல்வர். நாம் ஸ்பானிஷ் என்பது காஸ்தீல் பகுதியிற் பிறந்த மொழி. பார்சலோனாவில் கத்தலான், வடமேற்கில் போர்ச்சுகீசியத்தின் உடன்பிறப்பான கலீசியம், வடக்கே வேறெம்மொழியோடும் உறவு நிறுவப்படாத பாஸ்க் ஆகியனவும் வீட்டிலும் வீதியிலும் ஒலிக்கின்றன.

உற்றுக் கேட்டால் இவற்றிடையே அரபியும் கேட்கும். செவில் நகரத்துக் கடைக்காரர் சர்க்கரையை 'அசூக்கர்' என்பார். அது அரபியின் 'அஸ்ஸுக்கர்'. பருத்தி 'அல்கொதோன்', அது 'அல்குத்ன்'. எண்ணெய் 'அசெய்த்தே', அது 'அஸ்ஸைத்'. அந்நகரின் குவாதல்கிவீர் ஆறு, 'பெரிய ஆறு' எனப் பொருள்படும் 'அல்வாதில் கபீர்' அன்றோ! பார்சலோனாவிலோ எண்ணெய்க்கு லத்தீன் வழிவந்த 'ஒலி' என்ற சொல்லே வழங்குகிறது.

சொற்கள் தங்கின, அவற்றைத் தந்தவர்கள் தங்க விடப்படவில்லை. 1492இல் கிரனாடா வீழ்ந்தது. 1567இல் இரண்டாம் பிலிப்பு மன்னரின் ஆணை, மூன்றாண்டுக்குப்பின் அங்கு எவரும் அரபி பேசவோ எழுதவோ கூடாதென்றது. அராகோன் பகுதி முஸ்லிம்களோ முன்பே அரபிப் பேச்சை இழந்திருந்தனர். எழுத்தை மட்டும் விடவில்லை. தாம் பேசிய ஸ்பானிய மொழியையே அரபி எழுத்தில் எழுதி மார்க்க நூல்களைக் காத்தனர். 'அல்ஹமியாதோ' எனப்படும் அவ்வெழுத்து முறை நம் அரபுத்தமிழுக்கு ஒப்பானது. 1609 முதல் 1614 வரை அம்மக்கள் நாடு கடத்தப்பட்டனர். 1884இல் அல்மொனாசித் என்னும் சிற்றூரில் பழைய வீடொன்றை இடித்தபோது, மரத்தளத்தின் அடியில் அந்நூல்கள் குவியலாகக் கிடைத்தன. மறைத்து வைத்தவர்கள் மீண்டும் வந்தெடுக்கவில்லை.

பிராங்கோ ஆட்சியிலும் (1939–1975) கத்தலானும் பாஸ்க்கும் கலீசியமும் அலுவலகங்களிலிருந்து விலக்கப்பட்டன. ஆயினும் அன்னையர் அவற்றை அடுப்பங்கரையில் காத்தனர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு வழிவகுக்க, அவை தத்தம் பகுதிகளில் ஆட்சிமொழிகளாயின. 2023 முதல் நாடாளுமன்றக் கீழவையிலும் ஒலிக்கின்றன. பேசுவோர் மண்ணிலிருந்தனர், மொழி மீண்டது.

நம் பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளை எந்த மன்னரும் தடுக்கவில்லை. எனினும் பெட்டியிலுள்ள அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் நம் வீடுகளில் எத்தனை பேர்? கறையான் முந்திக்கொள்ளுமுன், படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரருகே நம் பிள்ளைகளை அமர்த்துவோமாக.