நச்சுநிரற் காப்பு: இலவசமும் கட்டணமும்

ஊவா மலைநாட்டின் வரலாற்றில் 1869 ஆம் ஆண்டு மறக்கற்பாலதன்று. அவ்வாண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பிச் செடிகளின் இலைகளிலே செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் சில தோன்றின. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் என்பார் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த பேர்க்கிலி என்னும் அறிஞர், அது புதியதொரு பூஞ்சண நோயெனக் கண்டு பெயரிட்டார். விளைச்சல் உடனே குன்றாமையால் தோட்டத் துரைமார் பலர் அதனைப் பொருட்படுத்திலர். ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பிப் பெருந்தொழில் சிதைந்தது. இன்று தெமோதரையைச் சூழ்ந்து நிற்கும் தேயிலை மலைகள் அவ்வழிவின் பின் எழுந்த புது வாழ்வின் சான்றுகளாம்.

அந்நிகழ்ச்சி இரு உண்மைகளை உணர்த்துகின்றது. கண்ணுக்குப் புலனாகாப் பகையை அது பரவியபின் விலக்குதல் அரிது என்பது ஒன்று. ஓரினப் பயிரே எங்குஞ் செறிந்திருப்பின் நோய் விரைந்து பரவும் என்பது மற்றொன்று. இவ்விரு உண்மைகளும் நம் காலத்துக் கணினிக்கும் பொருந்துவனவே. 2020 இற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலந்தொட்டு, கணினி தோட்டப்புற இல்லங்களிலும் ஒரு கல்விக் கருவியாக மதிக்கப்படலாயிற்று. சேமித்த பணத்தாற் பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கிய பெற்றோர், அதனைக் காக்கும் மென்பொருளுக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டுதல் வேண்டுமா, இலவசமாய்க் கிடைப்பது போதுமா என வினவுகின்றனர். 1,000 ரூபா நாட்சம்பளத்தை 2021 இல் எய்துதற்கே பல்லாண்டு போராட வேண்டியிருந்த மக்களுக்கு இவ்வினா சிறிதன்று. இதற்குரிய விடையை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வாம்.

தன்னைத் தானே படியெடுக்கும் பொறி இயலும் என்பதை நொய்மன் என்னும் கணித அறிஞர் 1949 அளவில் விரிவுரைகளில் எடுத்துக் காட்டினார். 1971 இல் தொமஸ் என்பார் இயற்றிய 'கிரீப்பர்' என்னும் நிரல், அமெரிக்க வலையமைப்பிற் கணினிக்குக் கணினி தாவியது. அதனைத் துரத்தி அழித்தற்கு 'ரீப்பர்' என்னும் வேறொரு நிரல் எழுதப்பட்டது. நோயும் மருந்தும் ஒருங்கே பிறந்தன எனலாம். 1986 இல் நமது அயல்நாடாகிய பாக்கிஸ்தானின் லாகூர் நகரிற் சகோதரர் இருவர் 'பிரெயின்' என்னும் நச்சுநிரலை ஆக்கினர். தம் மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்போரைக் கண்டறியவே அதனை ஆக்கியதாக அவர்கள் கூறினர். தட்டுக்குத் தட்டு தொற்றி அது கடல் கடந்து பரவியது.

இதனையடுத்துக் காப்பு ஒரு வாணிகமாயிற்று. அமெரிக்காவில் மெக்காபி நிறுவனம் 1987 இல் தோன்றியது. அது தொடக்கத்திலே தன் மென்பொருளைத் தனியாட்கள் தாராளமாகப் படியெடுத்துப் பயன்படுத்த விட்டு, நிறுவனங்களிடமிருந்து உரிமப் பணம் பெற்றது. தமிழகத்திலே, சென்னையில் கே7 நிறுவனம் 1991 இல் நிறுவப்பட்டது. புனே நகரிற் கணிப்பொறிகளும் கணினிகளும் பழுதுபார்க்கும் கடையொன்றிலிருந்து வளர்ந்த குவிக் ஹீல், 1995 இல் தன் காப்பு மென்பொருளை வெளியிட்டது.

அக்காலத்துக் காப்பு மென்பொருள் ஒவ்வொரு நச்சுநிரலின் அடையாளத்தையும் ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு கோப்புக்களை ஒப்புநோக்கியது. புதிய நச்சுநிரல் தோன்றுந்தோறும் பட்டியலும் புதுக்கப்படல் வேண்டும். ஆகவே, நுகர்வோர் செலுத்தும் ஆண்டுக் கட்டணம் ஒரு பொருளுக்கு விலையாகாது ஓயாத காவற் பணிக்குக் கூலியாகவே அமைந்தது.

இலவசக் காப்பு பரவிய காரணமும் இதனோடு தொடர்புடையதே. செக் நாட்டு அவாஸ்ட் நிறுவனம் 2001 இல் வீட்டுப் பாவனைக்கென இலவசப் பதிப்பை அளித்தது. கோடிக்கணக்கான இல்லக் கணினிகளிலிருந்து புதிய நச்சுநிரல்கள் பற்றிய செய்தி நிறுவனத்துக்குக் கிட்டியது. இலவசப் பதிப்பிற் பழகியோருட் சிலர் பின்னர்க் கட்டணப் பதிப்பை நாடினர். எனவே அது கொடை மட்டுமன்று, வாணிக முறையுமாம். 2009 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் தானும் ஓர் இலவசக் காப்பை வெளியிட்டது. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதலாகக் காப்பு இயங்குதளத்தின் உள்ளுறுப்பேயாயிற்று. ஜேர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனைக்கூடம் நடத்திய தேர்வுகளில் அவ்வுட்காப்பு முதற்கண் பின்தங்கியே நின்றது. 2018 அளவிலிருந்து கட்டணக் காப்புக்களோடு ஒப்ப உயர்புள்ளிகள் பெறலாயிற்று.

ஆயின் இலவசம் யாவும் நன்று எனத் துணிதல் தவறாம். அவாஸ்ட் நிறுவனம் தன் பயனாளர் இணையத்தில் எங்கெங்குச் சென்றனர் என்னும் விவரங்களைத் துணை நிறுவனமொன்றின் வாயிலாக விற்றமை 2020 இல் வெளிப்பட்டது. அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024 இல் அமெரிக்க வாணிக ஆணைக்குழு 1 கோடியே 65 இலட்சம் டொலர் செலுத்துமாறு பணித்தது. பணமாய்க் கொடாததை மக்கள் தம் அந்தரங்கமாய்க் கொடுத்தனர் என்க.

கட்டணம் யாவும் காப்பு எனத் துணிதலும் அவ்வாறே தவறாம். 2024 யூலை 19 ஆந் திகதி, பெருநிறுவனங்கள் பணங்கொடுத்துப் பெறும் கிரவுட்ஸ்ட்ரைக் காப்பு மென்பொருளில் நேர்ந்த ஒரு பிழையினால் ஏறக்குறைய 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன. விமானங்கள் நின்றன; மருத்துவமனைகள் தடுமாறின. அன்றியும், எல்லா நச்சுநிரல்களையும் பிழையின்றி இனங்காணும் நிரல் இருத்தல் இயலாது என்பதைக் கோகென் என்னும் ஆய்வாளர் 1984 இலேயே தர்க்க முறையில் நிறுவியுள்ளார். எவ்விலை கொடுப்பினும் முழுக்காப்பு வாங்கவொண்ணாது.

அவ்வாறாயிற் கணினியைக் காப்பது யாது? 2017 மே மாதத்தில் உலகை உலுக்கிய 'வொன்னாகிரை' நிகழ்ச்சி இதற்கு விடை பகரும். கோப்புக்களைப் பூட்டிவிட்டுப் பணயப் பணம் கேட்ட அந்நச்சுநிரல், விண்டோஸ் இயங்குதளத்தின் ஒரு குறையினூடாகப் புகுந்தது. ஓரினப் பயிர் போல எங்கும் ஒரே இயங்குதளம் செறிந்திருந்தமை அதற்கு வாய்ப்பாயிற்று. அக்குறைக்குரிய திருத்தம் அதற்கு இரு மாதங்களின் முன்னரே இலவசமாக வெளியிடப்பட்டிருந்தது. அதனை ஏற்றியிருந்தோர் தப்பினர். வாளாவிருந்தோர் பலர் வீழ்ந்தனர். மடுல்சீமையின் முதற் புள்ளிகளைக் கண்டும் காணாதிருந்தோரின் தவறே ஈண்டும் நிகழ்ந்தது.

இலவசம், கட்டணம் என்னும் இரண்டனுள் அடங்காத மூன்றாவது வழியொன்றும் உண்டு. அதுவே மிகக் கொடியது. கட்டண மென்பொருளின் பூட்டை உடைத்துப் பென்டிரைவிற் பரிமாறப்படும் திருட்டுப் படிகளைக் குறிக்கின்றோம். காவலனை விலைக்கு வாங்க இயலாதெனக் கள்வனிடமே திறவுகோலைக் கொடுத்தல் போன்றது அது. பூட்டை உடைத்தவர் உள்ளே எதனை வைத்தார் என்பதை எவரறிவர்?

ஆகவே எமது துணிபு வருமாறு. ஒரு குடும்பத்தின் படிப்புக்கும் கடிதத்துக்கும் பயன்படும் கணினிக்கு, இயங்குதளத்தோடு வரும் காப்பே போதியது. ஆயின் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றல் வேண்டும். விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றமையால், பழைய கணினியுடையோர் இவ்விடயத்திற் பெரிதும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பிறர் தகவலைப் பேணும் கடைக்காரர், மருந்தகத்தார், அலுவலகத்தார் ஆகியோர் கட்டணக் காப்பையே நாடுதல் முறை. இலவசப் பதிப்புக்கள் பல வீட்டுப் பாவனைக்கு மட்டுமே உரியன. அன்றியும், இடர் நேருங்கால் உதவிக்கு அழைக்கத்தக்க ஒருவரை அக்கட்டணம் பெற்றுத்தரும்.

இருசாராரும் முக்கிய கோப்புக்களின் மறுபடியைக் கணினிக்குப் புறம்பாக வைத்திருத்தல் இன்றியமையாதது. ஆண்டுக் கட்டணத்துக்கென ஒதுக்கக் கருதிய பணத்தில் ஒரு வெளித்தட்டு வாங்கும் தந்தை, பிள்ளையின் கல்விக்குச் சிறந்த காப்பைச் செய்தவராவார். அரசும் இத்துறையில் வாளாவிருந்திலது. இலங்கைக் கணினி அவசரப் பதிற்செயற் குழு 2006 இலும், கணினிக் குற்றச் சட்டம் 2007 இலும் தோன்றின. எனினும் சட்டமும் மென்பொருளும் வீட்டின் வேலியாகுமேயன்றி வீட்டாரின் விழிப்பாகா. கோப்பியை இழந்து தேயிலையை நட்ட மண்ணில் வாழ்வோர், நோய் வருமுன் காக்கும் கடமையை மனத்திருத்துவாராக.