ஆற்றல் திறன்மிகு சாளரம்

ஆற்றல் திறன்மிகு சாளரம் என்பது, ஓர் அறையைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ ஒளியூட்டவோ தேவைப்படும் ஆற்றலைக் குறைக்கும் வகையில் அமைந்த சாளரம் (ஜன்னல்) ஆகும். கண்ணாடி, சட்டம், நிழல் அமைப்பு, திறக்கும் பரப்பு ஆகிய நான்கும் சேர்ந்து இதன் திறனைத் தீர்மானிக்கின்றன. குளிர் நாடுகளில் அறையின் வெப்பம் வெளியேறாமல் காப்பதே சாளரத்தின் முதன்மைப் பணியாகும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சென்னையிலோ வெயிலைத் தடுப்பதும் காற்றை உள்ளே விடுவதும் முதன்மை பெறுகின்றன. எனவே குளிர் நாடுகளுக்கு வகுக்கப்பட்ட அளவுகோல்களை அப்படியே பின்பற்றிப் பழைய சாளரங்களை மாற்றினால் செலவுக்கேற்ற பயன் கிடைப்பதில்லை. வடசென்னையில், எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பான நெட்டுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் தொழிற்சாலைத் தூசியும் இத்தேர்வை மேலும் சிக்கலாக்குகின்றன.

முக்கிய அளவீடுகள்

சாளரங்களை ஒப்பிட மூன்று அளவீடுகள் பயன்படுகின்றன.

* வெப்பக் கடத்தல் கெழு (யூ-மதிப்பு): உள்ளும் புறமும் 1 பாகை வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியாகக் கடக்கும் வெப்பத்தின் அளவு.
* சூரிய வெப்பப் பெறுகைக் கெழு: சாளரத்தின் மீது விழும் சூரிய ஆற்றலில் அறைக்குள் வெப்பமாக வந்து சேரும் பங்கு. இது 0 முதல் 1 வரை அமையும்.
* ஒளி ஊடுகடத்தல்: கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் உள்ளே வரும் பங்கு. இது மிகவும் குறைந்தால் பகலிலும் விளக்கு எரிக்க நேரிடும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

1.5 சதுர மீட்டர் பரப்புள்ள மேற்குச் சாளரம் ஒன்றின் மீது, பிற்பகலில் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுவதாகக் கொள்வோம். வெளியே 38 பாகை, குளிர்சாதனம் இயங்கும் அறைக்குள் 28 பாகை எனில், உள்ளே புகும் வெப்பம் தோராயமாகப் பின்வருமாறு அமையும்.

* தெளிந்த ஒற்றைக் கண்ணாடி (கெழு 0.82, யூ-மதிப்பு 5.8): வெயிலால் 738 வாட், கடத்தலால் 87 வாட், மொத்தம் 825 வாட்.
* தெளிந்த இரட்டைக் கண்ணாடி (0.70, 2.8): 630 + 42 = 672 வாட்.
* வெயில் தடுப்புப் பூச்சுள்ள ஒற்றைக் கண்ணாடி (0.40, 5.8): 360 + 87 = 447 வாட்.
* தெளிந்த ஒற்றைக் கண்ணாடி, வெளிப்புறத்தில் முக்கால் பங்கு வெயிலைத் தடுக்கும் தட்டியுடன்: 185 + 87 = 272 வாட்.

முதல் வகையில் நுழையும் வெப்பம், ஒரு டன் குளிர்சாதனப் பெட்டியின் திறனில் (ஏறத்தாழ 3,500 வாட்) நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு நேரடி வெயிலால் வருவது. இரட்டைக் கண்ணாடி கடத்தலைப் பாதியாகக் குறைத்தும் மொத்த வெப்பம் ஐந்தில் ஒரு பங்களவே குறைவதற்கு இதுவே காரணம். மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ வெளிப்புறத்தில் தொங்கவிடப்படும்போது அதைவிட மிகுந்த பயன் தருகிறது. அறைக்குள் தொங்கும் திரைச்சீலை இதற்கு ஈடாகாது; கண்ணாடியைக் கடந்த வெயிலின் பெரும்பகுதி வெப்பமாக அறையிலேயே தங்கிவிடுகிறது.

திசையும் நிழலும்

எண்ணூர் ஏறத்தாழ 13.2 பாகை வட அகலாங்கில் உள்ளது. டிசம்பர் மாத நண்பகலில் சூரியன் தென்திசையில் சுமார் 53 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது தெற்குச் சாளரத்தின் மேலுள்ள 60 செ.மீ. சன்ஷேடு, அதற்குக் கீழே சுமார் 80 செ.மீ. வரை நிழல் தரும். மேற்குச் சாளரத்தின் நிலை வேறு. மாலையில் சூரியன் 25 பாகை உயரத்துக்கு இறங்கும்போது, அதே சன்ஷேடு 28 செ.மீ. அளவுக்கே நிழல் தரும். ஆகவே கிழக்கு, மேற்குச் சாளரங்களுக்குத் தட்டி, சாய்பலகைக் கதவு, மரம் போன்ற செங்குத்தான மறைப்புகள் தேவைப்படுகின்றன.

காற்றோட்டம்

கோடைக்காலத்தில் சென்னைக் கரையில் பெரும்பாலும் நண்பகலையொட்டிக் கடற்காற்று வீசத் தொடங்குகிறது. நெட்டுக்குப்பத்தில் வங்காள விரிகுடா கிழக்கே உள்ளது. கடற்காற்று வரும் பிற்பகல் வேளையில் கிழக்குச் சாளரத்தில் நேரடி வெயில் விழுவதில்லை என்பதால் அதைத் திறந்துவைக்க இயலும். காற்று உள்ளே வர, எதிர்ப்புறத்தில் வெளியேறும் வழியும் இருத்தல் வேண்டும். இரண்டு கதவுகள் கொண்ட நகரும் சாளரம் அதிக அளவாகப் பாதிப் பரப்பே திறக்கும். கீல் வைத்த கதவுச் சாளரம் ஏறக்குறைய முழுவதும் திறக்கும். குளிர்சாதனம் இல்லாத வீடுகளில் கண்ணாடியின் வகையைவிட இவ்வேறுபாடு முக்கியமானது. பழைய கதவுச் சாளரத்தை அகற்றிவிட்டு நகரும் சாளரம் பொருத்துவது, அத்தகைய வீடுகளின் புழுக்கத்தைக் கூட்டக்கூடும்.

சட்டங்கள்

* இரும்பு: உப்புக்காற்றில் விரைவில் துருப்பிடிக்கிறது. தொடர்ந்து வண்ணம் பூசிப் பராமரிக்க வேண்டும்.
* அலுமினியம்: துருப்பிடிப்பதில்லை. எனினும் உப்பினால் அரிப்பு ஏற்படுவதால் ஆனோடைசு அல்லது பவுடர் பூச்சு தேவை. இது வெப்பத்தை எளிதில் கடத்தும்.
* யுபிவிசி: வெப்பத்தை மிகக் குறைவாகக் கடத்தும், உப்பினால் அரிக்கப்படுவதில்லை. ஆயினும் உள்ளே வைக்கப்படும் எஃகு வலுவூட்டிகள் துருப்பிடிக்கக் கூடும்.
* தேக்கு: வெப்பக் கடத்தல் குறைவு, விலை அதிகம்.

எச்சட்டமாயினும், கீல், தாழ்ப்பாள், திருகாணி ஆகியவை கடலோரத்துக்கு ஏற்ற 316 வகைத் துருவேறா எஃகில் அமைவது நல்லது.

தூசியும் வாயுக் கசிவும்

எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. எனினும் வடசென்னை அனல்மின் நிலையம் தொடர்ந்து இயங்குகிறது. காமராசர் துறைமுகத்தில் நிலக்கரி கையாளப்படுகிறது. இதனால் காற்றுக்காகச் சாளரத்தைத் திறப்பதா, தூசிக்காக மூடுவதா என்ற சிக்கல் இப்பகுதி மக்களுக்கு உண்டு. கொசுவலை நுண்தூசியைத் தடுப்பதில்லை. காற்றின் வேகத்தையும் குறைக்கிறது. ரப்பர் விளிம்புள்ள கீல் சாளரம், தேவையானபோது இறுக மூடவும் மற்ற நேரங்களில் முழுவதும் திறக்கவும் உதவும். ஆயினும் இறுக்கமான சாளரத்தை நச்சு வாயுவுக்கு எதிரான பாதுகாப்பாகக் கருதலாகாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

விதிமுறைகள்

இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகம் (பிஇஇ) 2018 டிசம்பரில் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா, குடியிருப்புக் கட்டடங்களுக்கான ஆற்றல் விதித்தொகுப்பாகும். வெப்ப ஈரத் தட்பவெப்ப மண்டலத்தில் திறக்கக்கூடிய பரப்பு, தரைப்பரப்பில் குறைந்தது 16.66 விழுக்காடாக இருக்கவேண்டும் என இது கூறுகிறது. இதன்படி 40 சதுர மீட்டர் வீட்டுக்கு ஏறத்தாழ 6.7 சதுர மீட்டர் தேவை. இவ்விதிகள் 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளுக்கென வகுக்கப்பட்டவை. சிறிய வீடுகளைக் கட்டுப்படுத்தாவிடினும், வழிகாட்டியாக இவற்றைக் கொள்ளலாம்.

தேர்வு முறை

1. மேல்தள வீடாயின் முதலில் கூரையைக் கவனித்தல். வெள்ளைப் பூச்சு அல்லது வெண்ணிற ஓடு கூரை வழி வரும் வெப்பத்தைக் குறைக்கும்.
2. மேற்கு, கிழக்குச் சாளரங்களுக்கு வெளிப்புற நிழல் அமைத்தல்.
3. சட்டம் உறுதியாக இருந்தால், முழுச் சாளரத்தையும் மாற்றாமல் கீல், விளிம்பு, கண்ணாடி ஆகியவற்றை மட்டும் மாற்றுதல்.
4. மாற்றியே தீரவேண்டுமெனில், திறக்கும் பரப்பு குறையாத வகையைத் தேர்தல்.
5. நாள்தோறும் நெடுநேரம் குளிர்சாதனம் இயங்கும் அறைக்கு மட்டும், வெயில் தடுப்புப் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியைக் கருதுதல். விற்பனையாளரிடம் யூ-மதிப்பு, சூரிய வெப்பப் பெறுகைக் கெழு, ஒளி ஊடுகடத்தல் ஆகிய மூன்றையும் எழுத்தில் பெறுதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* கடற்காற்று
* வெப்பக் கடத்தல்
* எண்ணூர்
* கொசத்தலையாறு