போர்க்களங்களும் இறையியல் மாணாக்கரும்: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பற்றிய சில சிந்தனைகள்

மேலைநாட்டுக் கல்லூரிகளில் வரலாறு பயில்வோர் வெர்தூன், நார்மண்டி முதலிய போர்க்களங்களுக்கு ஆசிரியருடன் சென்று, கண்டவற்றைக் குறித்துத் தம் எண்ணங்களை எழுதித் தரும் வழக்கம் உண்டு. நம்மவருள்ளும் கிழக்காசிய நாடுகளுக்குச் செல்லுகின்றவர் தாய்லாந்திலுள்ள காஞ்சனபுரியைக் கண்டு வருவதுண்டு. 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த இருப்புப்பாதைப் பணியில் மாண்ட போர்க்கைதியருள் ஏறத்தாழ 7,000 பேர் அங்கே வரிசை வரிசையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அதே பணிக்கு மலேயாத் தோட்டங்களினின்று கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல் வரிசைகள் இல்லை. இவ்வேறுபாட்டைக் கண்டு மனம் நொந்து திரும்பும் நம் மாணாக்கர், அதே வேறுபாடு தம் நாட்டிலேயே, அதிலும் தம் திருச்சபையின் வரலாற்றிலேயே கிடப்பதை அறிதல் வேண்டும் என்பது நம் கருத்து. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் திருச்சிராப்பள்ளியன்றோ அயல்நாட்டுப் போர்க்களம்! ஆகவே இறுதியாண்டு மாணாக்கரை அழைத்துக்கொண்டு இரண்டு நாள் அவ்வூரையும் திருவரங்கத்தையும் சுற்றி வந்தோம். கண்டதை அவரவர் எழுதித் தரவேண்டும் என்பதே ஏற்பாடு.

போரின் காரணத்தைச் சுருங்கக் கூறலாம். ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்கு முகம்மது அலியும் சந்தா சாகிபும் போட்டியிட்டனர். முன்னவரை ஆங்கிலக் கும்பினியாரும் பின்னவரைப் பிரெஞ்சுக்காரரும் ஆதரித்தனர். 1751-இல் முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டார். 1752-இல் லாரன்சும் கிளைவும் உதவிப் படையுடன் வந்தடையவே, லா என்னும் பிரெஞ்சுத் தளபதி காவிரியைக் கடந்து திருவரங்கத் தீவிற்குள் ஒதுங்கினார். அது மீட்சியன்று, பொறியேயாயிற்று. வடக்கே கொள்ளிடத்திற்கு அப்பால் சமயபுரத்தைக் கிளைவு பிடித்துக்கொண்டமையால் புதுச்சேரியோடு தொடர்பு அறுந்தது. தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பித் தம்மை ஒப்புவித்த சந்தா சாகிபின் தலை அவரிடத்திலேயே துணிக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் லாவும் சரணடைந்தார். ஏறத்தாழ 800 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் கைதியாயினர்.

இன்று காவிரிப் பாலத்தின் வழியே பேருந்தில் செல்வோர் சில நிமிடங்களில் தீவை அடைந்துவிடுகின்றனர். அரங்கநாதர் கோயிலின் ஏழு திருச்சுற்று மதில்களை நோக்கும் யாத்திரிகருக்கு அவை வழிபாட்டின் படிநிலைகள். 1752-இல் வந்த படைத்தலைவருக்கோ அவை பீரங்கிக் குண்டைத் தாங்கவல்ல சுவர்கள். திருவானைக்காவின் மதில்களையும் அவர்கள் அவ்வாறே மதிப்பிட்டனர். இங்கே ஒரு நிகழ்ச்சியை நிதானமாக நோக்குதல் தகும். கும்பினியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் அதனைக் குறித்து வைத்துள்ளார். பிரெஞ்சுப் படை சரணடைந்தபோது, கோயிலுக்குள் இருந்த இராசபுத்திர வீரர் ஆயிரவர் வெளியேற மறுத்தனர். மூன்றாம் மதிலுக்கு உட்புறம் வெற்றி பெற்றோர் அடியெடுத்து வைப்பின் வெட்டி வீழ்த்துவோம் என்றனர். ஆங்கிலேயர் அவர்தம் பற்றுறுதியை வியந்து, மனம் புண்படும்படி எதுவும் செய்யோம் என வாக்களித்தனராம். ஓர்ம் இதனைத் தம்மவரின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே எழுதுகின்றார். நம் மாணாக்கருள் ஒருவர் எழுதியது வேறு: "எல்லைக்கோடு மூன்றாம் மதிலில் இடப்பட்டதெனில், அதற்கு வெளியேயிருந்த மதில்களுக்கிடையே படைகள் ஏற்கெனவே தங்கிவிட்டன என்பது பொருள். அத்தெருக்களில் குடியிருந்தோரை யார் கேட்டார்?" இவ்வினா ஓர்முக்குத் தோன்றவில்லை. நமக்குத் தோன்றவேண்டும். ஆலயத்தின் தூய்மையைக் காப்பது வேறு, ஆலயத்தை அண்டி வாழும் மக்களைக் காப்பது வேறு. முன்னதற்கு வாள் உருவியவர்களும் பின்னதற்கு உருவவில்லை.

அத்துடன் போர் முடிந்தபாடில்லை. உதவிக்குக் கைம்மாறாகத் திருச்சியையே தருவதாக முகம்மது அலி மைசூராருக்கு வாக்களித்திருந்தார். வாக்குப் பொய்க்கவே, மைசூர் அமைச்சர் நஞ்சராஜர் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து திருவரங்கத்தில் பாளயமிறங்கி 1755 வரை நகரை வளைத்திருந்தார். அப்படையில் ஐதர் அலி என்னும் இளந்தலைவரும் இருந்தார். அவரைப் பின்னர் மீண்டும் காண்போம். 1753-இல் நகருக்குள் தானியம் அற்றுப்போய், மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர்.

இரயில்வே பணிமனையால் பெயர் பெற்ற பொன்மலையில் 1753 ஜூன் 26-ஆம் நாள் கடும்போர் நிகழ்ந்தது. குன்றின்மேல் ஏறிய படையை நடத்திய கேப்டன் கிர்க் சுடப்பட்டு வீழ்ந்தார். அவர் பெயரை நூல்கள் போற்றுகின்றன. உடன் வீழ்ந்த சிப்பாய்கள் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர். காஞ்சனபுரியை நினைவூட்டி ஒரு மாணவி இதனைச் சுட்டினார். தமிழருக்கு இப்போரைப் பற்றிய எழுத்தே இல்லை என்று எண்ணலாகாது. புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை அவ்வாண்டுகளில் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். குருமார் அதனை வாசித்தல் நலம். ஓர்மோடு ஒப்புநோக்கி வாசிப்பின் மேலும் நலம்.

இனி நம் திருச்சபைக்கு வருவோம். கோட்டை மதில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, அகழியும் தூர்க்கப்பட்டுச் சாலையாயிற்று. மெயின்கார்டு கேட் எனப்படும் வாயில் மட்டும் எஞ்சி நிற்கின்றது. அதனுள் நுழைந்து தெப்பக்குளத்தைச் சுற்றிச் சென்றால் 1766-இல் எழுந்த கிறிஸ்து ஆலயத்தைக் காணலாம். மாணாக்கர் சிலர் அங்கே வந்ததும், "போர்த்தலங்கள் முடிந்தன, இனித் திருச்சபை வரலாறு" என்று குறிப்பேட்டில் புதுப்பக்கம் திருப்பினர். அப்பக்கத்தைத் திருப்பலாகாது என்பதே நாம் வற்புறுத்தியது.

அவ்வாலயத்தை நிறுவிய ஷ்வார்ட்ஸ் ஐயர் பிரஷ்ய நாட்டினர். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1762-இல் கால்நடையாகத் திருச்சியை அடைந்தார். கோட்டைக் காவற்படையின் தலைவரான மேஜர் பிரஸ்டன் அவருக்குத் துணைநின்றார். வெடிமருந்துச் சாலை வெடித்துப் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகவே ஐயர் அநாதைப் பள்ளி தொடங்கினார். 1764-இல் கும்பினிப் படை மதுரையை முற்றுகையிட்டபோது பாளயத்திற்குச் சென்று காயமுற்றோரைப் பேணினார். பிரஸ்டன் அங்கேதான் படுகாயமுற்று மாண்டார். மதுரைக் கோட்டைக்குள் எதிர்த்து நின்றவரோ யூசுப்கான். பத்தாண்டுகளுக்கு முன் திருச்சி முற்றுகையின்போது சிப்பாய்களை நடத்தி, உணவு வண்டிகளைப் பாளயத்திற்குக் கொணர்ந்து, லாரன்சின் பாராட்டைப் பெற்ற அதே யூசுப்கான்! 1764 அக்டோபர் 15-இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

"அப்படியாயின் நம் ஆலயமும் ஒரு போர்ச்சின்னந்தானா?" என்று ஒரு மாணாக்கர் எழுதியிருந்தார். ஆம் என்பதே நம் விடை. அவ்விடையை மழுப்புவோர் இருவகையினர். ஐயரின் தூய வாழ்வைக் காட்டிப் படையின் நிழலை மறைப்போர் ஒரு வகை. படையின் நிழலைக் காட்டி ஐயரின் வாழ்வையே மறுப்போர் மற்றொரு வகை. இருவரையும் நாம் ஏற்பதற்கில்லை. ஐயர் கும்பினியாரிடம் படைக்குருவாக ஊதியம் பெற்றார். அதில் ஒரு பகுதியைச் சபைக்கும் பள்ளிக்கும் செலவிட்டார். இரண்டும் உண்மை. 1779-இல் சென்னை அரசு அவரை ஐதர் அலியிடம் சமாதானத் தூதராக அனுப்பிற்று. திருவரங்கத்துப் பாளயத்தில் இளந்தலைவராயிருந்தவர் அப்போது சீரங்கப்பட்டணத்து அதிபதி. வழிச்செலவுக்கென ஐதர் அளித்த 300 ரூபாயை ஐயர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அரசிடம் ஒப்புவிக்க முன்வந்தார். இறுதியில் அது தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பயன்பட்டது. ஆயினும் தூது பலிக்கவில்லை. 1780-இல் ஐதரின் படை கருநாடகத்துள் புகுந்தது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் தஞ்சைக் கோட்டை நெல்லின்றித் தவித்தது. அரசரின் சொல்லையும் கும்பினியின் சொல்லையும் நம்பாத உழவர், விலை கொடுக்கப்படும் என்று ஐயர் பிணைநின்ற பின்னரே மாடுகளைக் கொண்டுவந்தனர். நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. அதனை உண்டோருள் பசித்த மக்களும் இருந்தனர், படைவீரரும் இருந்தனர்.

இப்பகுதியை வகுப்பில் மீண்டும் வாசித்தபோது, பிணைநின்றது சரியா என்பது பற்றி ஒருமணி நேரம் வாதம் நடந்தது. முடிவு எட்டப்படவில்லை, எட்டவேண்டும் என்று நாமும் வற்புறுத்தவில்லை. அடுத்த ஆண்டு மதுரைக்குச் செல்வதாக ஏற்பாடு. பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலை மாணாக்கரே வகுத்துள்ளனர். அதில் முதலாவதாக அவர்கள் குறித்திருப்பது, யூசுப்கானின் அடக்கத்தலம் உள்ள சம்மட்டிபுரத்துப் பள்ளிவாசல்.