எலும்புகள் மேல் ஒரு வழக்கு

1580 டிசம்பர். கோவாவில் ஒரு மருத்துவரின் கல்லறையைத் தோண்டி, எலும்புகளை வெளியே எடுத்து எரித்தார்கள். அவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டு இரகசியமாக யூதராக வாழ்ந்தார் என்பது குற்றம். 1560-ல் கோவாவுக்கு வந்த மதவிசாரணை மன்றம் செத்தவர்களையும் விடவில்லை.

அவர் கார்சியா த ஓர்த்தா. பெற்றோர் ஸ்பெயின் நாட்டு யூதர்கள், அதாவது செஃபார்டிகள். 1492-ல் விரட்டப்பட்டு போர்ச்சுகலுக்கு ஓடினார்கள். அங்கேயும் 1497-ல் கட்டாய ஞானஸ்நானம். அதன்பின் ‘புதுக் கிறிஸ்தவர்’ என்று பெயர். கூடவே தலைமுறை தலைமுறையாகத் தீராத சந்தேகம்.

ஓர்த்தா 1534-ல் இந்தியா வந்தார். அகமதுநகர் நிஜாம் ஷாவுக்கு வைத்தியம் பார்த்தார். பம்பாய்த் தீவே அவர் குத்தகையில் இருந்தது (இன்றைய மனை விலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள்!). நம் நாட்டு மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி அவர் எழுதிய நூல் 1563-ல் கோவாவிலேயே அச்சானது. ஸ்பெயினில் இருந்திருந்தால் பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனை மறுத்துப் பேசத் துணிந்திருக்க மாட்டேன் என்று அதில் ஓரிடத்தில் சொல்கிறார். மருத்துவத்தில் அவ்வளவு துணிச்சல்! தன் வேதம் எது என்பதைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை.

1568-ல் விசாரணையில் சிக்காமலே கண்ணை மூடினார். சகோதரி கத்தரீனா சிக்கினார். 1569 அக்டோபர் 25 அன்று அவரைத் தீக்கிரையாக்கினார்கள். கத்தரீனாவின் கணவரும் பிடிபட்டு வாக்குமூலம் கொடுத்தார்: மோசேயின் சட்டமே மெய்யானது என்று மைத்துனர் சொல்வாராம்.

இந்தக் கதை வெளியே தெரியவே இல்லை. 1886-ல் ஓர்த்தாவின் வரலாற்றை விரிவாக எழுதிய ஃபிகாலியோ பிரபுவுக்குக்கூடத் தெரியாது. 1934-ல்தான் அகுஸ்தோ த சில்வா கார்வாலியோ என்ற ஆய்வாளர் பழைய விசாரணைக் கட்டுகளைப் புரட்டி எழுதினார். யூதத் தடத்தையே அழிக்கக் கிளம்பியவர்கள்தான் அதை வரி விடாமல் எழுதியும் வைத்திருக்கிறார்கள்! 2015-ல் போர்ச்சுகல் செஃபார்டி வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை தரத் தொடங்கியபோது, பூர்வீகம் தேடியவர்களுக்கு அதே கட்டுகள் கைகொடுத்தன.

ஓர்த்தாவின் எலும்புகள் எரிந்து சுமார் நூறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இதே போர்ச்சுகீசியப் பெயர்களோடு சிலர் சென்னப்பட்டணத்தில் யூதர்களாகவே வெளிப்படையாக நடமாடினார்கள். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோல்கொண்டா வைரம் வேண்டியிருந்தது. அவர்களுக்கு அந்த வியாபாரம் அத்துப்படி. அவர்களில் ஒருவரான ஜாக் த பைவா 1687-ல் இறந்தார். அவருடைய விதவை ஹியரோனிமாவோடு கவர்னர் எலிஹு யேல் சேர்ந்து வாழ்ந்த கதை அடுத்த வாரம்.